ரீமேப் செய்த காருக்கு எந்த கிளட்ச்?

ரீமேப் செய்த, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றிப் பவர் கூட்டிய டீசல் கார் பட்டறைக்கு வந்தாலே பெரும்பாலும் இந்தக் கேள்விதான் வருகிறது: "அண்ணே, ஸ்டேஜ் 3 கிளட்ச் போட்டுடலாமா?" ஸ்டேஜ் என்பது தரநிலை கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைக்கும் எண். எத்தனை நியூட்டன் மீட்டர் டார்க் (எஞ்சினின் சுழற்றும் விசை) தாங்கும் என்று கேளுங்கள்.

குதிரைத் திறனை வைத்து கிளட்ச் வாங்காதீர்கள். கிளட்ச் தாங்க வேண்டியது டார்க்கை. 250 நியூட்டன் மீட்டர் தந்த எஞ்சின் ரீமேப்புக்குப் பிறகு 320 தருகிறது என்றால், 400 தாங்கும் கிளட்ச் தாராளம். 600 தாங்குவதைப் போட்டால் பெடல் கனக்கும். கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கிலும், கிராங்க் ஷாஃப்ட் முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷரிலும் சுமை ஏறும்.

அடுத்து, வண்டி எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். காலையில் மதுரையில் கோரிப்பாளையத்தையும் சிம்மக்கல்லையும் கடப்பவர் ஹாஃப் கிளட்ச் இல்லாமல் ஓட்டவே முடியாது. செராமிக் உராய்வுப் பரப்பு கொண்ட கிளட்ச் பிளேட்டுக்கு அது ஆகாது. பிடித்தால் வெடுக்கென்று பிடிக்கும், வண்டி உதறும், பிளேட் அழுந்தும் எஞ்சின் சக்கரமான ஃபிளைவீலையும் சீக்கிரம் தேய்க்கும். ரேஸ் டிராக்குக்கு அது நல்ல பொருள், தினமும் ஆபீஸ் போகிறவருக்குத் தண்டனை. ஆர்கானிக் பிளேட் மென்மையாகப் பிடிக்கும், ஆனால் அளவுக்கு மேல் சூடானால் பிடி தளரும். வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலை ஏறும்போது, கொண்டை ஊசி வளைவு நெரிசலில் கிளட்சிலேயே வண்டியை நிறுத்திப் பிடிப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அங்கே ஹேண்ட்பிரேக் போடுங்கள். கெவ்லார் இழை பிளேட் நீடித்து உழைக்கும், ஆனால் ஒருமுறை கடுமையாகச் சூடாகி மேற்பரப்பு பளபளத்துவிட்டால் பழைய பிடி திரும்புவது கஷ்டம். நகரத்தில் ஓடும் ரீமேப் வண்டிக்கு நான் சொல்வது, ஸ்பிரிங் உள்ள ஆர்கானிக் பிளேட்டும் அதை ஃபிளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் கொஞ்சம் வலுவான பிரஷர் பிளேட்டும்தான்.

சரி, கிளட்ச் உண்மையிலேயே போய்விட்டதா? நாலாவது கியரில் 50 கிலோமீட்டர் வேகத்தில், காலிச் சாலையில், ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். ஆர்பிஎம் (எஞ்சின் சுழற்சி) ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது, அதாவது ஸ்லிப். அப்போதும் கிராங்க் பின்பக்க ஆயில் சீல் கசிகிறதா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். ஆயில் பட்ட இடத்தில் எவ்வளவு விலை உயர்ந்த பிளேட்டும் வழுக்கும்.

ஃபிளைவீலில் நீலத் திட்டுகளோ வெடிப்போ இருந்தால் பழையதிலேயே புது பிளேட்டை மாட்டச் சம்மதிக்காதீர்கள். இரண்டு பகுதிகளை ஸ்பிரிங் இணைக்கும் டூயல் மாஸ் ஃபிளைவீல் என்றால் அவற்றுக்கு இடையிலான ஆட்டத்தையும் அளக்கச் சொல்லுங்கள். மாட்டிய பிறகு முதல் 800 கிலோமீட்டர் நகரத்துக்குள் நிதானமாக ஓட்டுங்கள். திருச்சி நான்குவழிச் சாலையில் போய் ரீமேப் பவரைச் சோதிப்பதெல்லாம் அப்புறம்.