மலர்ச்சாலைக்காரரை என்னவென்று அழைப்பது?

பெரியம்மாவின் 31ஆம் நாளுக்கு நன்றி நவிலல் எழுத உட்கார்ந்தபோதுதான் ஒரு சொல் இல்லாத குறை தெரிந்தது. கிளிநொச்சியில் அவர் கண்மூடிய இரவிலிருந்து சுடலைக்குப் போகும் வரை ஒருவர் எங்களோடு நின்றார். வைத்தியசாலைக் கடிதங்களை எடுத்துத் தந்தார். கனடாவில் இருந்து மகன் வந்து சேரும் வரை மூன்று நாள் முகம் மாறாமல் உடலைக் காத்தார். கிரியை செய்த குருக்கள், பந்தல் போட்டவர்கள், பறை அடித்தவர்கள் எல்லாருக்கும் நன்றி எழுதியாயிற்று. இவரை எப்படி எழுதுவது? செத்தவீட்டில் எல்லாரும் 'பெட்டிக்காரர்' என்றே சொன்னோம். அவர் செய்ததில் பெட்டி ஒரு சின்னப் பங்குதான்.

அவருடைய கடைக்கு மட்டும் நல்ல பெயர் இருக்கிறது: மலர்ச்சாலை. இலங்கைக்கு வெளியே இருக்கும் தமிழர் இதைப் பூக்கடை என்று நினைக்கக்கூடும்; இங்கே அது உடலைப் பதப்படுத்தி, பெட்டி தந்து, இறுதிப் பயணத்துக்கு ஆயத்தம் செய்யும் இடம். சிங்களத்தில் 'மல்' என்றால் பூ. 'மல் சாலாவ' என்பதும் இதே கடைதான். ஆங்கிலப் பலகைகளிலும் 'புளோரிஸ்ட்' என்று போடுவது இங்கே வழக்கம். மலர்வளையத்தை முன்னுக்கு வைத்துச் சாவைப் பின்னுக்கு மறைக்கும் இந்தப் பெயர் எனக்குப் பிடிக்கும். ஆனால் அது இடத்தின் பெயர். ஆளுக்கு உதவாது.

ஆங்கிலத்தில் 'அண்டர்டேக்கர்' என்றால் முதலில் ஒரு வேலையைப் பொறுப்பேற்பவர், அவ்வளவுதான். எந்த வேலையாகவும் இருக்கலாம். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் அது சாவு வேலைக்கென்று சுருங்கியது. பிறகு இறுதிச்சடங்கை நடத்துபவர் என்ற பொருளில் 'பியூனரல் டிரெக்டர்' வந்தது. 1895இல் அமெரிக்காவில் 'மோர்டிசியன்' என்று, வைத்தியரைக் குறிக்கும் 'பிசிசியன்' சாயலில், புதிதாக ஒன்றை உண்டாக்கினார்கள். மூன்றிலும் எனக்குப் பெரிதாகப் படுவது அந்தப் பழைய முதல் சொல்தான். செத்தவீட்டில் எல்லாரும் உடைந்து கிடக்கும்போது ஒருவர் வந்து 'நீங்கள் இருங்கோ, நான் பாக்கிறன்' என்று சொல்வாரே, அதுதான் அது.

சரி, தமிழில்? அந்தியேட்டி நம்மிடம் இருக்கிறது; 'அந்த்யேஷ்டி' என்ற வடசொல்லின் திரிபு, கடைசி வேள்வி என்று பொருள். ஆனால் நமக்கு அது 31ஆம் நாள் கிரியையோடு ஒட்டிப் போய்விட்டது. 'வெட்டியான்' போன்ற சொற்களைத் தொடவே கூடாது. ஒரு சாதியின் தலையில் வேலையைக் கட்டிவைத்து அவமதித்த பெயர்கள் அவை.

மிஞ்சுவது ஈமம். புறநானூறு 246இல் ஈமம் என்றால் எரிக்க அடுக்கிய விறகு. அதே நூலின் 256ஆம் பாட்டிலோ 'ஈமத்தாழி' வருகிறது, அது உடலை வைத்துப் புதைக்கும் மண்தாழி. எரிப்பதற்கும் தாழ்ப்பதற்கும் இரண்டுக்குமே பொருந்தியிருக்கிறது. வன்னிக்கு இது முக்கியம். கிளிநொச்சியில் சுடலைக்குக் கொண்டுபோவார்கள், மன்னார்ப் பக்கம் கத்தோலிக்கர் புதைக்கும் சேமக்காலைக்கு. ஆகவே 'ஈமப் பொறுப்பாளர்' என்பதே என் தெரிவு. நன்றி நவிலலிலும் அப்படியே போட்டோம்.

2009இல் முள்ளிவாய்க்கால் வரை நடந்த சனத்துக்குப் பெட்டியும் இல்லை, சாம்பல் அள்ளும் காடாத்தும் இல்லை. பதுங்குகுழிக்குப் பக்கத்தில் தாட்டுவிட்டு நடந்தவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். ஒரு சாவை முறையாக அனுப்பிவைப்பவருக்கு ஒழுங்கான பெயர் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது அதனால்தான்.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கே பெரும்பாலும் ஒரு மலர்ச்சாலையில் உதவியாளராகச் சேர்ந்துதான் பழகுகிறார்கள். உடலைப் பதப்படுத்தல் கைப்பழக்கம் கேட்கும் வேலை: நாடியால் (தமனி) உடல் அழுகாமல் காக்கும் போர்மலின் கலந்த திரவத்தை ஏற்றி, நாளத்தால் (சிரை) இரத்தத்தை வெளியேற்ற வேண்டும். போர்மலின் கண்ணையும் மூச்சையும் எரிக்கும். கையுறையும் காற்றோட்டமும் இல்லாத இடத்தில் வேலைக்கு நிற்காதீர்கள். கடிதவேலையும் அதேயளவு முக்கியம். வீட்டில் நடந்த சாவென்றால் கிராம அலுவலரிடம் போக வேண்டும். திடீர்ச் சாவென்றால் மரண விசாரணை அதிகாரி விடாமல் உடலைத் தொடக்கூடாது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வேறு கதை. கனடாவின் ஒன்ராறியோவில் கல்லூரிப் படிப்பும் உரிமமும் கட்டாயம். இங்கிலாந்தில் உரிமம் கேட்பதில்லை.

எந்தப் படிப்பிலும் வராதது ஒன்று இருக்கிறது. குளிப்பாட்டும்போது ஆர் நிற்கலாம், சுண்ணம் இடிக்கையில் பெட்டி எங்கே இருக்க வேண்டும், வாய்க்கரிசி முடிந்து எப்போது மூட வேண்டும் என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். போன வீட்டில் உள்ள மூத்த பெண்ணிடம் மெதுவாகக் கேட்டால் சொல்லித் தருவார்.