வியர்வைக் கையும் வெள்ளைப் பந்தும்

மனித உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பி கிடையாது. நெற்றி, மூக்கு, தலை என்று உடம்பில் மற்ற இடங்களில் தோலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டே இருக்கும் அந்தச் சுரப்பிகள் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இல்லை. அப்புறம் எப்படி பூல் ஆடுகிறவர் கையில், அதாவது டேபிளில் கோலால் பந்தைத் தட்டிக் குழியில் விழவைக்கிறவர் கையில், அவ்வளவு பிசுக்கு? தலையைக் கோதினோம், முகத்தைத் துடைத்தோம், வருகிற வழியில் பரோட்டாவைப் பிய்த்துத் தின்றோம். எல்லாம் வெளியிலிருந்து வந்த எண்ணெய். கை தானாகத் தருவது வியர்வை மட்டும்தான். மதுரையில் அதற்கு ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை.

மே மாதம் இங்கே 40 டிகிரி பெரிய செய்தியே இல்லை. ஆனாலும் பழியை முழுக்க வெயில் மீது போட முடியாது. முதுகும் மார்பும் வெக்கைக்கு வியர்க்கின்றன. உள்ளங்கையோ பெரும்பாலும் பதற்றத்துக்கு வியர்க்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டரில் சில நூறு வியர்வைச் சுரப்பிகள் அங்கே நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. கடைசியாக அந்தக் கறுப்பு எட்டாம் நம்பரைப் போட்டால் ஆட்டம் முடிந்தது என்ற நிலைமையில், ஏசியை எவ்வளவு குறைத்து வைத்தாலும் கை நனையத்தான் செய்யும்.

நனைந்தால் வழுக்கத்தானே வேண்டும், பந்தை அடிக்கிற மரக்கோலான கியூ ஏன் ஒட்டுகிறது? தோலின் உராய்வு ஈரத்தோடு நேராக ஏறியிறங்குவதில்லை. நன்றாகக் காய்ந்த தோல் மரத்தின் மேல் சுலபமாக நகரும். சொட்டச் சொட்ட நனைந்த தோலும் நகரும், நடுவில் தண்ணீர்ப் படலம் இருப்பதால். இரண்டுக்கும் இடைப்பட்ட அரைகுறை ஈரத்தில்தான் உராய்வு உச்சத்துக்குப் போகிறது. தோலின் மேலடுக்கு கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. காய்ந்திருக்கும்போது அது விறைப்பாக இருப்பதால், மரத்தின் மீது ஆங்காங்கே சில புள்ளிகளில் மட்டுமே தொடுகிறது. ஈரம் ஏறியதும் நமுத்த அப்பளம் மாதிரி தொளதொளத்துப் போய், மரத்தின் நுண்ணிய மேடுபள்ளங்களில் எல்லாம் படிந்துவிடும். தொடும் பரப்பு கூடக் கூட உராய்வும் கூடும். போதாததற்கு, தோலுக்கும் மரத்துக்கும் இடையில் மாட்டிய மிக மெல்லிய நீர்த்துளிகள் பரப்பு இழுவிசையால் இரண்டையும் பிடித்து இழுக்கும்.

இப்படி ஒட்டுகிற கியூ சீராக நகராது. நிற்கிற பொருளை நகர்த்தத் தேவையான விசை, நகர்கிற பொருளைத் தொடர்ந்து நகர்த்தத் தேவையானதைவிட அதிகம். அதனால் விரல்களுக்கு நடுவே கியூ ஒரு கணம் பிடித்துக்கொள்ளும், சட்டென்று விட்டுவிடும், திரும்பப் பிடிக்கும். வேகமாக அடிக்கும்போது தெரியாது. மெதுவாகத் தட்ட வேண்டிய அடியில்தான் தெரியும்: நுனி ஓரிரண்டு மில்லிமீட்டர் விலகி, நடுவில் பட வேண்டியது ஓரத்தில் பட்டு, கேட்காமலேயே பந்துக்குப் பக்கவாட்டுச் சுழற்சி கிடைத்துவிடும். "டேபிள் சாய்ஞ்சிருக்கு" என்று சொல்கிறவர்களில் பாதிப்பேர் முதலில் கையைப் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

நம் ஊர் கிளப்புகளில் இதற்கு வழக்கமான மருந்து முகப்பவுடர். வேலை செய்யும், பொய்யில்லை. டால்க் என்ற கனிமம் மெக்னீசியம் சிலிக்கேட். அடுக்கடுக்கான தாள்களாக அமைந்தது. அந்த அடுக்குகளுக்கு இடையே பிணைப்பு மிகவும் பலவீனம் என்பதால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போகும். கனிமங்களின் கடினத்தை அளக்கிற மோஸ் அளவுகோலில் 1 என்ற கடைசி இடம் இதற்குத்தான். சிக்கல் என்னவென்றால், வியர்வை நிற்பதில்லை. பவுடர் ஈரத்தில் குழைந்து கட்டியாகும், உதிரும், துணியில் விழும், பந்து அதை ஊரெல்லாம் கொண்டுபோகும். வெள்ளைக் கைத்தடம் பதிந்த பச்சைத் துணியைப் பார்த்தாலே, டேபிள்களைப் பார்த்துக்கொள்கிற கிளப் ஊழியர்களான மார்க்கர்களுக்குக் கோபம் வருவது நியாயம். கொஞ்சூண்டு போதும், அதையும் டேபிளை விட்டுத் தள்ளிப் போய்த் தட்டிக்கொள்ள வேண்டும். மூன்று விரல் கையுறை இதைவிட மேல். வழவழப்பான நைலான் துணி வியர்வையைத் தோல் பக்கம் நிறுத்திக்கொள்கிறது, மரத்துக்கு எப்போதும் காய்ந்த முகத்தையே காட்டுகிறது. போட்டுக்கொண்டு ஆடினால் படம் காட்டுகிறான் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கை கழுவுவது. இதிலும் மதுரைக்கென்று ஒரு தொல்லை உண்டு. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர். அதில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்புக்கட்டியில் உள்ள கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத படிவாக மாறிவிடும். வாளி ஓரத்தில் படிகிற அதே வெள்ளைப் பிசுக்குதான் கழுவிய கையிலும் மெல்லிசாகத் தங்கும். நுரை வராத தண்ணீரில் எவ்வளவு நேரம் தேய்த்தாலும் கை 'கரகர'வென்று இருப்பது இதனால்தான். பாட்டிலில் வருகிற திரவக் கைகழுவிகள் பெரும்பாலும் செயற்கைச் சலவைப் பொருள்கள். உப்புத் தண்ணீரோடு இந்தத் தகராறு அவற்றுக்குக் குறைவு. அதனால் கிளப் வாஷ்பேசினில் சோப்புக்கட்டிக்குப் பதில் திரவம் வைப்பது புத்திசாலித்தனம்.

கொரோனா காலத்தில் வந்து இன்னும் போகாமல் மேசையில் நிற்கிற சானிடைசர் பாட்டில் இந்த வேலைக்கு உதவாது. கிருமிக்கு அது சரி. உலகச் சுகாதார நிறுவனத்தின் செய்முறையில் 80 சதவீத எத்தனாலோடு 1.45 சதவீதம் கிளிசரால் இருக்கிறது, தோல் வறண்டுபோகாமல் காப்பதற்காக. எத்தனால் நொடிகளில் ஆவியாகிவிடும், கிளிசரால் போகாது. காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துத் தன்னோடு வைத்துக்கொள்வது அதன் குணம். அரைகுறை ஈரம் ஆகாது என்று மேலே பார்த்தோமே, அதையே பாட்டிலிலிருந்து பூசிக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

கைக்கு அடுத்தது கியூ. பூலின் பங்காளி ஆட்டமான ஸ்னூக்கரில் கியூவின் தண்டு பொதுவாக ஆஷ் மரம், பூல் கியூவுடையது மேப்பிள். ஆஷ் மரத்தின் நீர்க்குழாய்கள் கண்ணுக்குத் தெரிகிற அளவு பெரியவை. தண்டில் அம்பு அம்பாக ஓடும் கோடுகள் அவைதான். அந்தக் குழிகள் வியர்வையின் உப்பையும் சாக் தூளையும் சேர்த்துவைக்கும் கிடங்கு. தலைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெய் விரல் வழியாக அங்கே வந்தால் கதை முடிந்தது. ஆளி விதை எண்ணெயைப் பூசினால் அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து இறுகி, மரத்துக்கு ஒரு தோலாக மாறும். கியூவுக்கு அதைப் பூசுவதும் அதற்காகத்தான். தேங்காய் எண்ணெயில் இருப்பதோ பெரும்பாலும் நிறைவுற்ற கொழுப்பு. அது ஒருநாளும் இறுகாது. உருகுநிலை 24 டிகிரிக்குப் பக்கத்தில் என்பதால் மதுரையில் வருஷத்தில் பெரும்பாலான நாள் திரவமாகவே கிடந்து, பறந்து வரும் தூளையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். சால்னாக் கை என்றால் மஞ்சளும் சேரும். மஞ்சளின் குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். சோப்பின் காரம் பட்டால் சிவந்துவேறு போகும். "தம்பி, சால்னாக் கையோட கியூவத் தொடாதீங்க" என்று மார்க்கர் சத்தம் போடுவதற்குப் பின்னால் முழு வேதியியல் பாடமே இருக்கிறது.

கியூவைச் சுத்தம் செய்ய நிறையத் தண்ணீர் எதிரி. மரநார் நீரை உறிஞ்சி ஊதி, மேற்பரப்பில் சிலிர்த்துக்கொண்டு நிற்கும், காய்ந்தபின் சொரசொரப்பாகிவிடும். பிழிந்து எடுத்த துணியால் ஒரு தடவை துடைத்து, உடனே உலர்ந்த துணியால் துடைத்து, பிறகு ஒரு தோல் துண்டைச் சுற்றி வேகமாகத் தேய்த்தால் சிலிர்த்த நார்கள் அமுங்கி வழவழப்பு திரும்பும். உப்புத்தாளை எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. ஒவ்வொரு தேய்ப்பிலும் மரம் போகிறது. போன மரம் வராது. மாதாமாதம் உப்புத்தாள் போட்ட கியூ சில வருஷங்களில் கொசுவத்திக்குச்சிபோல் மெலிந்து வளைந்து அடிக்க ஆரம்பிக்கும். ஆட்டத்துக்கு ஆட்டம் பருத்தித் துண்டால் துடைத்தாலே போதும். பிசுக்கு ஊறுவதற்குள் அகன்றுவிடும்.

பூலில் உராய்வு தாராளமாக வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான். அது கியூவின் தோல் நுனியான டிப்பும், அது நேராக அடிக்கிற வெள்ளைப் பந்தும் சந்திக்கிற இடம். அதற்கென்றே இருக்கிறது சாக். கரும்பலகைச் சாக்பீஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வில்லியம் ஸ்பிங்க்ஸ் என்ற அமெரிக்க பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரரும் வில்லியம் ஹாஸ்கின்ஸ் என்ற வேதியியலாளரும் சேர்ந்து 1897இல் காப்புரிமை வாங்கிய கலவைதான் இன்றைய சாக்குக்கு முன்னோடி. சிலிக்காவும் கொரண்டமும் அதில் முக்கியச் சரக்கு. மேலூர் கிரானைட்டில் கண்ணாடிபோல் மின்னுகிற குவார்ட்ஸ் சிலிக்கா. தெற்காவணி மூல வீதிக் கடைகளில் மோதிரத்தில் பதித்து விற்கிற மாணிக்கம் கொரண்டத்தின் சிவந்த வடிவம். மோஸ் அளவுகோலில் 9. இந்த நுண்துகள்கள் டிப்பின் தோலில் பதிந்து, வெள்ளைப் பந்தை ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி கவ்விப் பிடிக்கின்றன. சாக் போட்ட டிப்பின் உராய்வுக் கெழு ஏறத்தாழ 0.6. இந்தப் பிடி இருந்தால், பந்தின் மையத்திலிருந்து ஆரத்தில் பாதித் தூரம் வரை, அதாவது 14 மில்லிமீட்டர் வரை விலகி அடித்துச் சுழற்சி கொடுக்கலாம். அதைத் தாண்டினால் டிப் வழுக்கி மிஸ்கியூ ஆகும். சாக் இல்லாமலோ டிப்பில் எண்ணெய் பட்டோ போனால் அந்த எல்லை உள்ளே சுருங்கிவிடும்.

டிப்பில் இருக்கும்வரை சாக் நண்பன். ஒவ்வொரு அடியிலும் அது வெள்ளைப் பந்தில் ஒரு நீலப் பொட்டு வைத்துவிட்டுப் போகிறது. பெரும்பாலும் துணியில் உருளும்போதே அழிந்துவிடும். அழியாத பொட்டு அடுத்த பந்தோடு மோதுகிற அதே புள்ளியில் வந்து நின்றால் வினை.

பூல் பந்துகள் ஃபீனாலிக் பிசினால் ஆனவை; 57 மில்லிமீட்டர் விட்டம், 156 முதல் 170 கிராம் வரை எடை. சுத்தமாக இருந்தால் ஒன்றோடொன்று உராய்வு மிகக் குறைவு, கெழு 0.06 போல. அதுவும் பூஜ்ஜியம் இல்லை என்பதைக் கவனியுங்கள். வெள்ளைப் பந்து ஓரமாகப் போய் மோதும்போது இந்தச் சிறிய உராய்வு மற்றப் பந்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் இழுத்துவிடும். கணக்கு எளிது: கெழு 0.06 என்றால், 1 மீட்டர் தள்ளி இருக்கும் பாக்கெட்டில் விலகல் அதிகபட்சம் 6 சென்டிமீட்டர். கிட்டத்தட்ட ஒரு பந்தின் அகலம்! பழகிய ஆட்டக்காரர்கள் இந்த விலகலைத் தெரிந்தோ தெரியாமலோ குறியில் சேர்த்தே அடிக்கிறார்கள். மோதும் இடத்தில் சாக் பொட்டு வந்து உராய்வை இரண்டு மடங்காக்கினால் விலகலும் இரண்டு மடங்காகலாம். கண் சரி, கை சரி, பந்து மட்டும் பாக்கெட்டின் தாடையில் முட்டித் திரும்பி வரும்.

இதன் இன்னொரு முகம் 'கிக்'. உருண்டு வரும் வெள்ளைப் பந்தின் முன்முகம் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும். உராய்வு அதிகமானால் அது எதிர்ப்பந்தைக் கீழே அமுக்குகிறது. எதிர்ப்பந்து இதை மேலே தூக்குகிறது. வழக்கமான 'டக்' ஓசைக்குப் பதில் மந்தமான ஒரு சத்தம், வெள்ளைப் பந்து லேசாகத் துள்ளும், மற்றது வேகம் செத்து நின்றுவிடும். தொலைக்காட்சியில் ஸ்னூக்கர் பார்க்கும்போது, ஆட்டக்காரர் கேட்டதும் நடுவர் வெள்ளைக் கையுறையோடு வந்து பந்தை எடுத்துத் துடைப்பது இதற்குத்தான். ஸ்னூக்கரின் விதிகள் 1880களில் ஊட்டி கிளப்பில் உருப்பெற்றவை என்பார்கள். அந்தக் குளிரில் கை வியர்த்திருக்காது. மதுரையில் எழுதியிருந்தால் முதல் விதியே துண்டைப் பற்றி இருந்திருக்கும்.

பந்தைக் கழுவ வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவுகிற திரவத்தில் சில சொட்டு, மென்மையான துணி போதும். தேய்க்கிற பொடியும் நாரும் கீறல் போடும். கீறலில் சாக் குடியேறும். கார் பாலிஷ் போட்டுப் பளபளக்கவைப்பதும் வேண்டாம். முதல் நாள் வழுக்கும், பிறகு பந்துக்குப் பந்து வெவ்வேறு அளவில் தேயும், மிச்சம் துணிக்குப் போகும். எல்லாவற்றையும் கழுவ நேரமில்லை என்றால் வெள்ளையை மட்டுமாவது கழுவலாம். அடி வாங்குவது அது ஒன்றுதான்.

கடைசியில் எல்லாம் வந்து சேரும் இடம் துணி. கம்பளி இழை, அல்லது கம்பளியும் நைலானும் கலந்தது. மாணிக்கக் கடினம் கொண்ட சாக் தூள் இழைகளுக்கு நடுவே இறங்கினால், பந்து உருளும்போதெல்லாம் இழையை அறுத்துக்கொண்டிருக்கும். பிரஷ்ஷை முன்னும் பின்னும் ஆட்டினால் தூள் இன்னும் ஆழத்துக்குப் போகும். ஒரே திசையில் இழுக்க வேண்டும். மயிர்ப்படிவு உள்ள ஸ்னூக்கர் துணிக்கு அந்தத் திசை, ஆட்டம் தொடங்குகிற பால்க் பக்கத்திலிருந்து கறுப்புப் பந்துப் பக்கம். பூல் டேபிளில் சின்ன வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்து அழுக்கு என்று சுரண்டுபவர்கள் உண்டு. அவை பெரும்பாலும் ஆட்டத்தின் முதல் அடியான பலத்த பிரேக்கில் பந்து தேய்ந்த வெப்பத்தில் கருகிய இழைகள். எந்த பிரஷ்ஷும் அவற்றைப் போக்காது.

கம்பளி தன் எடையில் 30 சதவீதம்வரை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும், தொட்டால் காய்ந்த மாதிரியே காட்டும். ஐப்பசி மழையில் டேபிள் 'ஸ்லோ' ஆகிவிட்டது என்று சொல்வது மனப்பிரமை இல்லை. ஜிகர்தண்டா கொட்டினால் மட்டும் தேய்க்காதீர்கள்: கம்பளி இழையின் மேல் செதில்கள் இருக்கின்றன, ஈரத்தில் தேய்த்தால் அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு துணி திரண்டுவிடும். காய்ந்த துண்டை மேலே வைத்து அழுத்தி உறிஞ்ச வேண்டும். பிறகு லேசாக ஈரம் தொட்ட துணியால் திரும்பத் திரும்ப ஒற்றி எடுக்க வேண்டும், சர்க்கரை போகும்வரை.

சாக் கட்டியை டேபிள் விளிம்பில் வைக்கும்போது குழிந்த முகம் மேலே பார்க்க வேண்டும். கவிழ்த்து வைத்தால் விளிம்பில் தூள் கொட்டும், அடுத்து குனிகிறவர் உள்ளங்கையை ஊன்றுவது சரியாக அதன்மேல்தான்.