‘காலம் கெட்டுப்போச்சு’ என்று ஏன் தோன்றுகிறது?

புதுச்சேரியில் மது வாங்க 18 வயது நிறைந்தால் போதும். தமிழ்நாட்டில் 21 ஆக வேண்டும். 19 வயதுப் பையன் ஒருவன் கன்னியக்கோயிலில் பில் போட்டு வாங்கிய பாட்டிலோடு கடலூர் பஸ்ஸில் ஏறினால், முள்ளோடை தாண்டி ஆல்பேட்டை சோதனைச்சாவடி வருவதற்குள் அந்தப் பாட்டில் குற்றப் பொருளாகிவிடுகிறது. இடையில் பாட்டிலும் மாறவில்லை, பையனும் மாறவில்லை.

போலீஸ்காரர் ஏறிப் பையைத் தட்டிப் பார்க்கும்போது பஸ்ஸுக்குள் இரண்டு குரல் கேட்கும். “அங்க சரி, இங்க தப்பு. எல்லாம் ஊருக்கு ஊரு மாறுறதுதான?” என்பது ஒன்று. “மீசை முளைக்கிறதுக்குள்ள பாட்டில். காலம் கெட்டுப்போச்சு” என்பது இன்னொன்று. முதலாவது அறச் சார்புவாதம்: சரி, தப்பு என்பதெல்லாம் அந்தந்தச் சமூகத்தைப் பொறுத்தது, பொதுவாக எதுவும் கிடையாது என்ற வாதம். இரண்டாவது ஒழுக்கச் சரிவு: முன்பு நன்றாக இருந்த ஜனங்கள் வரவரக் கெட்டுப்போகிறார்கள் என்ற வாதம். மெய்யியலாளர்கள் வாதிட்டுக்கொண்டிருந்த இவ்விரண்டையும் கடந்த 50 ஆண்டுகளில் உளவியலாளர்கள் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

முதல் குரலுக்கு எலியட் டூரியல் என்ற அமெரிக்க உளவியலாளரின் முறை நன்றாகப் பொருந்தும். எந்தச் செயலானாலும் அதைப் பற்றி இரண்டு கேள்வி கேட்க வேண்டும். அதிகாரத்தில் இருப்பவர் அனுமதித்தால் செய்யலாமா? வேறொரு ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றால் அங்கே அது சரியா? “டீச்சர் சொல்லிட்டாங்கன்னா கலர் டிரஸ்ல ஸ்கூலுக்குப் போகலாமா?” என்றால் பிள்ளைகள் போகலாம் என்பார்கள். “டீச்சர் சொல்லிட்டாங்கன்னா பக்கத்துல உக்காந்திருக்கற பிள்ளையக் கிள்ளலாமா?” என்றால் கூடாது என்பார்கள். மூன்று, நான்கு வயதிலேயே இந்தப் பிரிவினை தொடங்கிவிடுகிறது. சீருடை வழக்கம் சார்ந்தது, கிள்ளுவது அறம் சார்ந்தது.

பஸ்ஸில் இருக்கும் பாட்டிலை இந்தக் கேள்விகளில் போட்டுப் பாருங்கள். அரசு நாளைக்கே வயதை 18 ஆக்கினால் வாங்கலாமா? வாங்கலாம். ஆக, அது விதி. அதே பாட்டிலைக் குடித்துவிட்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி ஓட்டினால்? எந்த அரசு அனுமதித்தாலும் எதிரே வருகிறவருக்கு அடிபடத்தான் செய்யும். சோதனைச்சாவடியில் மாறியது விதி மட்டும்தான்.

இது எப்போதும் இவ்வளவு சுலபமாகப் பிரியாது. 1873இல் புதுச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, ஐரோப்பியர்களைப் போல பூட்ஸும் காலுறையும் அணிந்து நீதிமன்றத்துக்குள் போனார். இந்தியர்கள் அப்படி வருவது அங்கே வழக்கமில்லை. நீதிபதி அவர்மீது நடவடிக்கை எடுத்தார். வழக்கு பாரிஸ் வரை போய், அங்கே பொன்னுத்தம்பிக்குச் சாதகமாக முடிந்தது. பூட்ஸ் வெறும் வழக்கம்தான். ஆனால் யார் போடலாம், யார் போடக்கூடாது என்று பிரிப்பது வெறும் வழக்கம் இல்லை. ‘மரியாதை கெட்டுவிட்டது’ என்று நீதிபதி பார்த்த அதே செயல் எதிர்த்தரப்புக்குச் சமத்துவக் கேள்வி. நம் ஊர்ச் சண்டைகளில் பாதி இந்த வகை என்றே சொல்லலாம்.

டூரியலின் பிரிவினைக்கு வலுவான எதிர்ப்பு வந்ததும் இந்தியாவிலிருந்துதான். ரிச்சர்ட் ஷ்வேடர் என்ற அமெரிக்க மானுடவியலாளரும் அவருடைய சகாக்களும் புவனேஸ்வரத்திலும் சிகாகோவிலும் ஒரே 39 சம்பவங்களைச் சொல்லி எது எவ்வளவு தப்பு என்று கேட்டார்கள். முடிவுகள் 1987இல் வெளியாயின. புவனேஸ்வரத்துப் பிராமணக் குடும்பங்கள் மிகக் கொடியது என்று சொன்னது இதை: அப்பா இறந்த மறுநாள் மூத்த மகன் முடி வெட்டிக்கொண்டு கோழிக்கறி சாப்பிட்டான். சிகாகோக்காரர்களுக்கு இதில் தப்பே தெரியவில்லை. டூரியல் வழக்கம் என்று ஒதுக்கக்கூடிய ஒன்று இங்கே அறமாகிவிட்டது. பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை கத்தரிக்கோல் படாத கடலூர் வீடுகளில் சிகாகோவின் பதில்தான் விநோதமாகப் படும்.

சார்புவாதம் வென்றது போலத் தெரிகிறதா? ஒரு படி உள்ளே போக வேண்டும். அந்தக் குடும்பங்களின் நம்பிக்கைப்படி மகனின் செயல் அப்பாவின் உயிர் கரையேறுவதைக் கெடுக்கிறது. சிகாகோக்காரருக்கு அந்த நம்பிக்கை இல்லை. பெற்ற தகப்பனுக்குக் கெடுதல் செய்யலாமா என்று கேட்டால் இரு ஊர்க்காரர்களும் கூடாது என்றே சொல்வார்கள். இறந்த பிறகு என்ன நடக்கிறது என்ற தகவலில்தான் பிளவு. அற வேறுபாடு என்று நாம் நினைப்பவற்றில் கணிசமானவை இப்படித் தகவல் வேறுபாடாகவே இருக்கின்றன.

ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ஆலிவர் ஸ்காட் கரி குழுவினர் 2019இல் 60 சமூகங்களின் வாழ்க்கையைப் பற்றி மானுடவியலாளர்கள் எழுதிவைத்த இனவரைவியல் பதிவுகளைத் தோண்டிப் பார்த்தார்கள். உறவினருக்கு உதவுவது, தன் கூட்டத்துக்கு விசுவாசமாக இருப்பது, செய்த உதவிக்குப் பதில் செய்வது, துணிவு, மூத்தவருக்குப் பணிவது, நியாயமாகப் பங்கிடுவது, பிறர் உடைமையை மதிப்பது என ஏழு நடத்தைகள். இவை பேசப்பட்ட 962 இடங்களில் 961இல் நல்லவை என்றே மதிக்கப்பட்டிருந்தன. மிச்சமிருந்த ஒன்று பசிபிக் கடலின் சூக் தீவு: அங்கே பிறர் பொருளை வெளிப்படையாகப் பறித்துக்கொள்வது வீரமாகக் கருதப்பட்ட பதிவு இருந்தது. ஏழில் எது மேலே, எது கீழே என்ற வரிசைதான் ஊருக்கு ஊர் மாறுவதாக அவர்கள் கருதுகிறார்கள்.

இனி இரண்டாவது குரல். இந்தப் புலம்பல் பழையது. ‘பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் ஐயர் யாத்தனர் கரணம் என்ப’ என்கிறது தொல்காப்பியம். மக்கள் பொய்யும் தவறும் செய்யத் தொடங்கிய பிறகுதான் பெரியோர் திருமணச் சடங்கை ஏற்படுத்தினார்கள் என்று பொருள். அப்போதே காலம் கெட்டுப்போயிருந்தது!

ஆடம் மாஸ்ட்ரோயானியும் டேனியல் கில்பர்ட்டும் 2023இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இதை நேராகவே அளந்தது. 1949 முதல் 2019 வரை அமெரிக்காவில் எடுத்த கருத்துக்கணிப்புகளையும் பிற நாடுகளில் எடுத்தவற்றையும் திரட்டினார்கள். குறைந்தது 60 நாடுகளில் மக்கள் ஒழுக்கம் சரிந்துவருவதாகவே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் “நேற்று உங்களை யாராவது மரியாதையாக நடத்தினார்களா?”, “அண்மையில் யாருக்காவது உதவினீர்களா?” போன்ற கேள்விகளுக்கு வந்த பதில்கள் பத்தாண்டு பத்தாண்டாக ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருந்தன. இன்னும் இரண்டு விஷயம் வெளிப்பட்டது. நீங்கள் பிறப்பதற்கு 20, 40 ஆண்டுகளுக்கு முன் எப்படி இருந்தது என்று கேட்டால் சரிவு ஏதும் இல்லை என்றார்கள். சரிவு அவரவர் பிறந்த பிறகே தொடங்குகிறது. உங்களுக்கு நேரில் தெரிந்தவர்கள் எப்படி என்றால், அவர்கள் முன்னைவிட நல்லவர்களாகத்தான் இருக்கிறார்கள் என்றார்கள். முகம் தெரியாத ‘ஜனங்க’தான் கெட்டுப்போயிருக்கிறார்கள்.

இதற்கு அவர்கள் சொல்லும் விளக்கத்தில் இரண்டு உறுப்புகள். முதலாவது, இன்றைய கெடுதி அதிகமாகக் கண்ணில் படுவது. கடலூரிலிருந்து சிதம்பரம் போய் வருவதற்குள் ஒரு கண்டக்டர் எத்தனையோ பேருக்குச் சில்லறையைச் சரியாகத் திருப்பித் தருகிறார். அதை யாரும் வீட்டில் போய்ச் சொல்வதில்லை. மஞ்சக்குப்பத்தில் ஒரு சங்கிலிப் பறிப்பு நடந்தால் அன்று மாலைக்குள் ஊரின் எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் வந்துவிடும். இரண்டாவது உறுப்பு நினைவு. கசப்பான சம்பவத்தின் கசப்பு, இனிப்பான சம்பவத்தின் இனிப்பைவிட வேகமாக மங்குகிறது. சண்டை நடந்தது ஞாபகம் இருக்கும், எரிச்சல் போய்விடும்.

கணக்காகப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு மட்டும். 30 வருடத்துக்கு முன் ஒரு வருடத்தில் 10 நல்லது, 10 கெட்டது பார்த்தீர்கள். இன்றும் அதே 10, 10. இன்றைய கெட்டது செய்தியாக வந்து இரட்டிப்பு எடையோடு 20 ஆகிறது. பழைய கெட்டது மங்கி 3க்கு இறங்குகிறது, பழைய நல்லது 7இல் நிற்கிறது. அன்று 7க்கு 3, இன்று 10க்கு 20. எதுவுமே மாறாமல் ஒரு சரிவு உண்டாகிவிட்டது. இரண்டில் ஒரு உறுப்பைக் கழற்றினாலும் இந்தத் தோற்றம் வலுவிழக்கும். தெரிந்தவர்களிடம் அது வராததற்கும் இதுவே காரணம்: அவர்களைப் பற்றிச் செய்தியைவிட நேர் அனுபவமே அதிகம்.

உண்மை நிலவரத்தை எப்படி அளப்பது? முதல் நிபந்தனை, எண்ணப்படும் பொருளின் வரையறை இரண்டு காலத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலான வாதங்கள் கவிழ்கின்றன. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டம் 2012 நவம்பரில் அமலுக்கு வந்தது. அதன் கீழ் 2010இல் ஒரு வழக்குகூடக் கிடையாது என்பதால் 2010இல் அந்தக் குற்றம் நடக்கவில்லை என்றாகாது. புகார் கொடுக்கும் துணிவு கூடினாலும் எண்ணிக்கை ஏறும். அதனால் மறைக்கக் கடினமான ஒன்றை எடுக்க வேண்டும். கொலை அப்படிப்பட்டது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 1992இல் நாட்டில் 40,105 கொலைகள், 2022இல் 28,522. மக்கள்தொகையோடு வகுத்தால் லட்சத்துக்கு 4.6இலிருந்து 2.1. பாதிக்கும் கீழே.

நேர்மையை அளக்கவும் வழி உண்டு. இந்தியா உட்பட 40 நாடுகளில், 355 நகரங்களில், 17,303 பர்ஸ்களை ஓர் ஆய்வுக் குழு ‘கண்டெடுத்ததாக’ வங்கி, ஓட்டல், காவல் நிலையம் போன்ற இடங்களின் வரவேற்பாளரிடம் கொடுத்துவிட்டுப் போனது. உள்ளே இருப்பது வெளியே தெரியும் பர்ஸ்: சாவி, மளிகைச் சீட்டு, உரியவரின் முகவரி அட்டை, சிலவற்றில் பணம். பணமில்லாத பர்ஸ்களில் 40 சதவீதத்துக்கு உரியவரைத் தேடி மின்னஞ்சல் வந்தது. பணமுள்ளவற்றில் 51 சதவீதம். மூன்று நாடுகளில் பணத்தை ஏழு மடங்காக்கியபோது 72 சதவீதத்துக்கு ஏறியது. பொதுமக்கள் நேர்மாறாகத்தான் கணித்திருந்தார்கள்; பொருளாதார நிபுணர்கள்கூட இந்த ஏற்றத்தை எதிர்பார்க்கவில்லை. 2019இல் வந்த இந்த முடிவு பல நாடுகளில் எடுத்த ஒரு காலப் படம். முன்பு எப்படி இருந்தது என்பதை இது சொல்லாது. ஆனால் முன்பின் தெரியாதவரைப் பற்றிய நம் கணிப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது தெரிகிறது.

அளவுகோலே நகர்வது இன்னொரு வகை. 2018இல் டேவிட் லெவாரி குழுவினர் நீலத்திலிருந்து ஊதா வரையான புள்ளிகளை 1,000 தடவை காட்டி “இது நீலமா?” என்று கேட்டார்கள். முதல் 200இல் பாதி நீலம். பிறகு நீலத்தைப் படிப்படியாக 6 சதவீதத்துக்குக் குறைத்தார்கள். முன்பு ஊதா என்ற புள்ளியையே இப்போது பலர் நீலம் என்றார்கள். நீலம் குறையப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லியும், ஒரே மாதிரி பதில் சொன்னால் பணம் என்றும்கூட இது நிற்கவில்லை. புள்ளிகளுக்குப் பதில் ஆய்வுத் திட்டங்களைக் காட்டி, அறத்துக்கு ஒவ்வாதவற்றைக் குறைத்துக்கொண்டே வந்தபோதும் இதேதான் நடந்தது.

“கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்” என்று வாத்தியாரிடம் பிள்ளையை ஒப்படைத்த அப்பாக்களைப் பலருக்கு நினைவிருக்கும். பிரம்பு அப்போது மேசைமேல் சாக்பீஸோடு கிடக்கும் சாதாரணப் பொருள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையைத் தடை செய்தது. இன்று ஓர் ஆசிரியர் ஓர் அறை விட்டால் செய்தியாகிறது, “ஸ்கூலெல்லாம் என்ன ஆயிடுச்சு பாரு” என்கிறோம். அறை குறைந்ததால்தான் அறை பெரிதாகத் தெரிகிறது. அளவுகோல் நகர்ந்ததற்கு இன்னும் பழைய உதாரணம் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து அடிமைகளை மொரீஷியஸுக்குக் கப்பலேற்றினார்கள். அந்த வியாபாரிகள் ஊரில் கௌரவமாகத்தான் நடமாடினார்கள்.

அப்படியானால் ஒழுக்கம் சரிவதே இல்லையா? சரிகிறது, சில இடங்களில் மிக வேகமாக. எர்ன்ஸ்ட் ஃபேர், சைமன் கெக்டர் நடத்திய சோதனை விளையாட்டில் நான்கு பேர். ஆளுக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொது உண்டியலில் விழும் ஒவ்வொரு ரூபாயும் 1 ரூபாய் 60 காசாகி நால்வருக்கும் சமமாகப் பிரியும். எல்லோரும் முழுசாகப் போட்டால் ஆளுக்கு 32 ரூபாய். ஆனால் தனி ஆளுக்கு, போட்ட ஒரு ரூபாயில் 40 காசுதான் திரும்புகிறது. போடாமல் மற்றவர் போட்டதில் பங்கு வாங்குவது லாபம். முதல் சுற்றில் ஏறக்குறைய பாதிப் பணம் விழும். பத்தாவது சுற்றுக்குள் பெரும்பாலோர் கையை இழுத்துக்கொள்வார்கள்.

காரணம் பேராசை மட்டும் என்று நினைத்தால் தப்பு. 2001இல் வந்த ஓர் ஆய்வில் பாதிப் பேர் ‘நீ போட்டால் நானும் போடுவேன்’ ரகம். முழுக்கச் சுயநலக்காரர்கள் சுமார் 30 சதவீதம். அந்தச் சிலரைப் பார்த்து, ஏமாளியாக விரும்பாத பாதிப் பேர் படிப்படியாகக் குறைக்கிறார்கள். ஆகவே மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்ற நம்பிக்கையே இதன் அச்சாணி. ‘எல்லாரும் திருடனாயிட்டான்’ என்று நம்புகிறவர் தன் பங்கைக் குறைக்கிறார். அந்த நம்பிக்கை தவறாக இருந்தாலும் குறைந்தது குறைந்ததுதான். ஏய்ப்பவருக்கு, தன் கைக்காசைக் கொஞ்சம் செலவழித்தாவது, அபராதம் போடலாம் என்று விளையாட்டின் விதியை மாற்றினால் உண்டியல் மறுபடி நிரம்பத் தொடங்கும். ஆனால் யார் எவ்வளவு போட்டார் என்பது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அபராதமும் இல்லை.

கடலூர், புதுச்சேரிக் கடற்கரையில் இந்த விளையாட்டு நிஜமாகவே நடக்கிறது. சுருக்குமடி வலை ஒரு மீன் கூட்டத்தையே வளைத்துச் சுருக்கி எடுத்துவிடும். தமிழ்நாட்டில் 2000இல் அதற்குத் தடை வந்தது. வலைக்குப் பெரும் கடன் வாங்கியவர்கள் ஒரு பக்கம், தங்கள் சின்ன வலைக்கு மீனே மிஞ்சவில்லை என்பவர்கள் மறுபக்கம் என்று மீனவ கிராமங்கள் பிரிந்தன. பக்கத்து ஊர் போடுகிறது என்பதே இந்த ஊர் போடுவதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்காலமாக ஓர் ஏற்பாடு செய்தது: 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை.

கிழமை யாருக்கும் தெரியும், கடிகாரம் எல்லோரிடமும் இருக்கிறது. தொலைவுதான் சிக்கல். ஏப்ரல் 15இலிருந்து 61 நாள் மீன்பிடித் தடை வரும்போது துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் விசைப்படகுகளை ஐஸ் வண்டிக்காரர்கூட எண்ணிவிடலாம். 12 கடல் மைல் என்றால் சுமார் 22 கிலோமீட்டர். அங்கே விரிக்கும் வலை உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று தேவனாம்பட்டினம் கரையில் நின்று பார்த்தால் தெரியாது.