பாஸ்போர்ட்டின் அடியில் இரண்டு வரிகள்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “பிரிட்டன் போவதற்காக ஈடிஏ எனும் மின்னணு அனுமதிக்கு விண்ணப்பித்தேன். கிடைத்துவிட்டதாக மின்னஞ்சல் வந்தது. அதில் ஒரு குறிப்பெண்தான் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் எதுவும் ஒட்டவில்லை, முத்திரையும் இல்லை. தாளில் அச்செடுத்துக்கொண்டு போகவும் வேண்டாமாம். பிறகு எப்படி விமான நிறுவனத்துக்கு என்னிடம் அனுமதி இருப்பது தெரியும்?”

அனுமதி உங்களிடம் இல்லை என்பதுதான் பதில். அது அந்த நாட்டின் கணினியில் ஒரு பதிவாக, உங்கள் பாஸ்போர்ட் எண்ணோடு முடிச்சுப் போடப்பட்டு இருக்கிறது.

இந்த ஏற்பாடு புதிதல்ல. ஆஸ்திரேலியா 1996-லேயே தொடங்கிவிட்டது. அமெரிக்கா எஸ்டா என்ற தன் அனுமதியை 2009 ஜனவரியில் கட்டாயமாக்கியது. கனடா 2016-இலும் நியூசிலாந்து 2019-இலும் வந்து சேர்ந்தன. பிரிட்டன் 2023 நவம்பரில் கத்தார் நாட்டவரிடம் ஆரம்பித்து, 2025 ஏப்ரலில் ஐரோப்பியர்கள் வரை கொண்டுவந்தது. 2026 பிப்ரவரி 25 முதல் அனுமதி இல்லாதவரை ஏற்றக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. ஐரோப்பாவின் எட்டியாஸ் என்ற அனுமதி 2026-இன் கடைசிக் காலாண்டில் வரும் என்று அறிவிப்பு. கட்டணம் 20 யூரோ, 3 ஆண்டு செல்லும். இவை பொதுவாக விசா இல்லாமல் போகக்கூடியவர்களுக்கானவை. விசா வாங்கியே தீரவேண்டிய நாட்டவருக்கு விசாதான். இது கூடுதல் சுமை இல்லை.

விமான நிலையத்தில் நடப்பது இது. செக்-இன் செய்யும்போது விமான நிறுவனம் உங்கள் பாஸ்போர்ட்டின் விவரங்களை, போகப்போகும் நாட்டின் அரசுக் கணினிக்கு அனுப்புகிறது. அங்கே பாஸ்போர்ட் எண், குடியுரிமை, பிறந்த தேதி ஆகியவற்றை வைத்துப் பதிவைத் தேடுகிறார்கள். சில நொடிகளில் பதில் வந்துவிடும்: ஏற்றலாம், அல்லது ஏற்ற வேண்டாம். ‘வேண்டாம்’ என்று வந்தால் போர்டிங் பாஸ் அச்சாகாது. மீறி ஏற்றினால் விமான நிறுவனம் அபராதம் கட்ட வேண்டும். உரிய ஆவணம் இல்லாதவரைக் கொண்டுவந்தால் பிரிட்டனில் ஆளுக்கு 2,000 பவுண்டு வரை. கவுன்ட்டரில் இருப்பவர் உங்களிடம் கறாராக இருப்பதற்கு இதுதான் காரணம். எல்லைக் காவல் வேலையில் பாதி இப்போது அவர் தலையில்.

ஆக, ஒரு பாஸ்போர்ட் எண்ணில் ஒரே ஓர் எழுத்து பிசகினாலும் பதிவு கிடைக்காது. அனுமதி வாங்கியும் வாங்காதவர் ஆகிவிடுவீர்கள். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த சமாச்சாரம் வருகிறது.

பாஸ்போர்ட்டில் புகைப்படம் உள்ள பக்கத்தைத் திறந்து அடியில் பாருங்கள். வரிக்கு 44 குறிகள் கொண்ட இரண்டு வரிகள். இடையிடையே இடப்பக்கம் பார்த்த அம்பு முனைகள். சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1980-இல் வெளியிட்ட 9303 என்ற ஆவணத்தில் பிறந்தவை இவை. எழுத்துருவும் சும்மா வந்ததல்ல. அட்ரியன் ஃப்ரூட்டிகர் 1968-இல் வடிவமைத்த ஓசிஆர்-பி. மனிதரும் வாசிக்க வேண்டும், இயந்திரமும் குழம்பக்கூடாது என்று எழுத்துக்கு எழுத்து பார்த்துச் செய்தது.

முதல் வரியில் நாடும் பெயரும். இரண்டாம் வரிதான் விஷயம். முதல் 9 இடம் பாஸ்போர்ட் எண்ணுக்கு. பத்தாவதாக ஓர் இலக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். அது எண்ணின் பகுதி அல்ல. பிறகு குடியுரிமை, பிறந்த தேதி. அதன் வாலிலும் ஓர் இலக்கம். பாலினக் குறி, காலாவதி தேதி, அதன் வாலிலும் ஒன்று. இந்த வால் இலக்கங்கள்தான் சரிபார்ப்பு இலக்கங்கள்.

அந்த ஆவணத்திலேயே யுட்டோப்பியா என்ற இல்லாத நாட்டின் மாதிரிப் பாஸ்போர்ட் ஒன்று இருக்கிறது. அதில் பிறந்த தேதி 740812, அதாவது 1974 ஆகஸ்ட் 12. வாலில் 2. எங்கிருந்து வந்தது இந்த 2? இலக்கங்களை வரிசையாக 7, 3, 1, மறுபடி 7, 3, 1 என்ற எண்களால் பெருக்குங்கள். 7×7 என்பது 49, 4×3 என்பது 12, 0×1 பூச்சியம், 8×7 என்பது 56, 1×3 என்பது 3, 2×1 என்பது 2. கூட்டினால் 122. பத்தால் வகுத்த மீதி 2. அவ்வளவுதான்! ஆறாம் வகுப்புக் கணக்கு.

ஏன் 7, 3, 1? இந்த மூன்று எண்களில் எதற்கும் 10-க்கும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லை. அதனால் எந்த இடத்தில் எந்த ஓர் இலக்கம் மாறினாலும் மீதி மாறியே தீரும். தப்பிக்க வழியே இல்லை. எல்லா இடத்துக்கும் 1 என்றே வைத்திருந்தால் இடமாற்றத்தைப் பிடிக்க முடியாது. 12 என்பதை 21 என்று தட்டினாலும் கூட்டுத்தொகை அதேதான். 7, 3, 1 என்று மாற்றி மாற்றி வைப்பதால் அதுவும் பெரும்பாலும் சிக்குகிறது. மேலே உள்ள தேதியை 740821 என்று போட்டுப் பாருங்கள், 124 வரும், மீதி 4. பிடிபட்டது.

எழுத்துகளுக்கும் எண் உண்டு. ஏ-க்கு 10, பி-க்கு 11 என்று போய் கடைசி எழுத்துக்கு 35. அம்பு முனைக்குப் பூச்சியம். எழுத்துக்கு எண் கொடுத்துக் கூட்டிப் பார்ப்பதை எண்சோதிடக்காரர்களும்தான் செய்கிறார்கள். வித்தியாசம், இந்தக் கூட்டலில் தப்பு இருந்தால் அந்த நிமிடமே தெரிந்துவிடும். பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டினால் வாழ்க்கை மாறும் என்பவர்களிடம் அப்படி ஒரு சோதனையைக் கேட்டுப் பாருங்கள். பெயரின் எழுத்துக்கூட்டல் மாறி, டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் ஒத்துப்போகாமல் கவுன்ட்டரில் நிற்பதுதான் அதில் நிச்சயமாக நடக்கக்கூடிய ஒரே மாற்றம்.

ஓ எழுத்தையும் பூச்சியத்தையும் குழப்பிக்கொள்வதுதான் இந்த உலகத்தின் தீராத தலைவலி. ஓ-வின் மதிப்பு 24. பூச்சியத்தோடு ஒப்பிட்டால் 7, 3, 1 எதனால் பெருக்கினாலும் வித்தியாசம் பத்தின் மடங்காக வராது. பிடிபடும். ஐ எழுத்தும் 1-ம், எஸ் எழுத்தும் 5-ம், பி எழுத்தும் 8-ம் அப்படியே பிடிபடும். ஆனால் ஜி எழுத்துக்கு 16. அதை 6 என்று வாசித்துவிட்டால் வித்தியாசம் சரியாகப் பத்து. கணக்குக்குத் துளியும் உறைக்காது. இதைத் தேடிப் பிடித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை வீட்டில் யாரும் பகிர்ந்துகொள்ளவில்லை.

இடமாற்றத்திலும் ஓர் ஓட்டை. 7, 3, 1 இவற்றுக்கு இடையிலான வித்தியாசங்கள் 4, 2, 6. எல்லாமே இரட்டைப்படை. ஆகவே பக்கத்தில் உள்ள இரண்டு இலக்கங்கள் 5-ஆல் வேறுபட்டால், இடம் மாறினாலும் மீதி மாறாது. பிறந்த ஆண்டு 83 என்பதை 38 என்று தட்டினால்? 8×7, 3×3 சேர்ந்து 65. 3×7, 8×3 சேர்ந்து 45. இரண்டுக்கும் மீதி 5. ஒருவருக்கு 45 வயது கூடிவிட்டது, கணக்கு வாயே திறக்கவில்லை. வரியின் கடைசியில் மொத்தத்துக்கும் சேர்த்து இன்னோர் இலக்கம் இருக்கிறது. அதிலும் அதே 7, 3, 1 என்பதால் அதுவும் கோட்டைவிடும். பத்துக்குப் பதில் 11-ஆல் வகுத்திருந்தால் இது நடக்காது. புத்தகங்களின் அடையாள எண்ணான பழைய பத்து இலக்க ஐஎஸ்பிஎன் அப்படித்தான் இருந்தது. ஆனால் மீதி 10 வந்தால் எழுத ஓர் இலக்கம் போதாமல் எக்ஸ் போட வேண்டியிருந்தது.

இன்னொரு வேடிக்கை: பெயர் உள்ள முதல் வரிக்குச் சரிபார்ப்பு இலக்கமே கிடையாது. பெயரைச் சரிபார்க்கிற வேலையை இந்த ஏற்பாடு எடுத்துக்கொள்ளவே இல்லை. ஜெர்மானியரின், மேலே இரட்டைப் புள்ளி வைத்த யு, இந்த வரியில் யு-ஈ என்று இரண்டு எழுத்தாகிவிடும். நீளமான பெயர் 39 இடத்துக்குள் வெட்டுப்படும்.

இனி பாஸ்போர்ட்டுக்குள் இருக்கும் சிப். செயலி வழியாக விண்ணப்பித்தவர்கள் கவனித்திருக்கலாம்: முதலில் பக்கத்தைப் படமெடுக்கச் சொல்லும், பிறகுதான் போனைப் பாஸ்போர்ட்டின் மேல் வைக்கச் சொல்லும். வரிசையை மாற்ற முடியாது. ஏனென்றால் சிப்பின் பூட்டுக்குச் சாவி அந்த இரண்டாம் வரி. எண், பிறந்த தேதி, காலாவதி தேதி, மூன்றும் தத்தம் வால் இலக்கங்களோடு சேர்ந்து ஹேஷ் எனும், திரும்பப் பிரிக்க முடியாதபடி கலக்கிவிடும் கணக்குக்குள் போய், அதிலிருந்து சாவி பிறக்கிறது. பையில் மூடிக் கிடக்கும் பாஸ்போர்ட்டை யாரோ தூரத்திலிருந்து வாசித்துவிடக் கூடாது. பக்கத்தைத் திறந்து காட்டியவருக்கே சிப் திறக்கும் என்பது ஏற்பாடு. பேஸ் எனும் புதிய முறை இதைவிட வலுவானது. அதிலும் அதே வரியைக் கடவுச்சொல்லாக வைக்கலாம். உள்ளே இருக்கும் படமும் விவரங்களும் பாஸ்போர்ட் கொடுத்த நாட்டின் மின்னணுக் கையொப்பம் தாங்கியவை. ஒரு புள்ளியை மாற்றினாலும் கையொப்பம் ஒத்துப்போகாது.

இதுவரை சொன்னதை எல்லாம் பேனாவும் தாளும் எடுத்தோ ஒரு சின்ன நிரல் எழுதியோ நீங்களே சோதிக்கலாம். விண்ணப்பம் உள்ளே போன பின் நடப்பது அப்படியல்ல. இன்டர்போலின் களவுபோன பாஸ்போர்ட் பட்டியலில் பார்ப்பது வரை சரி. எட்டியாஸ் சட்டம் இதற்கு மேலும் போகிறது. வயது, பாலினம், குடியுரிமை, வசிக்கும் ஊர், கல்வி, தொழில் இவற்றைச் சேர்த்து ஆபத்து மதிப்பிடும் விதிகளுக்கு அது இடம் கொடுக்கிறது. அதில் சிக்கினால் மனிதர் ஒருவர் பார்த்துத்தான் முடிவெடுப்பார் என்பது ஆறுதல். ஆனால் எந்தச் சேர்க்கை சிக்கவைக்கும் என்பது விண்ணப்பித்தவருக்குத் தெரியாது. இத்தகைய விதிகளை எழுதக் கொட்டும் பணத்தில் ஒரு பங்கையாவது, அவை எத்தனை பேரை அநியாயமாகத் தடுக்கின்றன என்று வெளியிலிருந்து ஆராய்பவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

வாசகரின் கேள்விக்கே வருகிறேன். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் எண் மாறும், பழைய அனுமதி அதோடு போயிற்று; 2 ஆண்டு செல்லும் என்று எழுதியிருந்தாலும் புதிதாக எடுக்க வேண்டும். இரட்டைக் குடியுரிமை உள்ளவர் ஒரு பாஸ்போர்ட்டில் அனுமதி வாங்கி இன்னொன்றை நீட்டினாலும் கதை அதேதான். அரசின் அதிகாரபூர்வத் தளத்தில் விண்ணப்பியுங்கள். தேடலில் மேலே வரும் பல தளங்கள் இடைத்தரகர்கள்.

இணையப் படிவத்தில் கையால் நிரப்பும்போதுதான் ஆபத்து அதிகம். எண்ணுக்குக் கட்டம் இருக்கும், அதன் வால் இலக்கத்துக்குக் கட்டம் இருக்காது. அந்த எண்ணைச் சரிபார்க்கும் கணக்கு அங்கே ஓட வழியில்லை. எண்ணில் வட்டமாக ஒன்று தெரிந்து ஓ-வா பூச்சியமா என்று சந்தேகம் வந்தால், ஜெர்மன் பாஸ்போர்ட்காரர்களுக்குக் கவலை இல்லை. அவர்கள் எண்களில் ஓ எழுத்தே பயன்படுத்துவதில்லை. மற்றவர்கள் இரண்டாம் வரியின் முதல் ஒன்பதை எடுத்து 7, 3, 1 போட்டுப் பாருங்கள். பூச்சியம் என்று வைத்து ஒருமுறை, 24 என்று வைத்து ஒருமுறை. இரண்டில் ஒன்றுதான் பத்தாவது இலக்கத்தோடு பொருந்தும். அதைப் படிவத்தில் தட்டுங்கள்.