ஏசி மாட்டும்போது அடைத்த துளை

2020 ஏப்ரலில் தமிழ்நாட்டின் பல ஊர்களில் காய்கறிச் சந்தை பேருந்து நிலையத்துக்கு இடம் மாறியது. தரையில் சுண்ணாம்புப் பொடியால் வட்டம், வட்டத்துக்கு வட்டம் ஒரு மீட்டர். திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையில் கிருமிநாசினிச் சுரங்கமே வைத்தார்கள். ஆட்கள் மேல் மருந்து தெளிப்பதில் பயனில்லை, கண்ணுக்கும் தோலுக்கும் கெடுதல் என்று மத்திய சுகாதார அமைச்சகம் அதே மாதம் சொன்னது. வீடுகளில் பால் பாக்கெட்கூட சோப்புக் குளியல் போட்டது. இத்தனையிலும் கொரோனாவை நிஜமாகவே தடுத்த காரியம், சந்தை அடைசலை விட்டுத் திறந்த வெளிக்கு வந்ததுதான். அதன் அருமை அப்போது யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

ஒரு மீட்டர் கணக்கு எங்கிருந்து வந்தது? இருமும்போது தெறிக்கும் எச்சில் துளி அந்தத் தூரத்துக்குள் விழுந்துவிடும் என்ற நம்பிக்கையிலிருந்து. கண்ணுக்குத் தெரிகிற பெரிய துளிக்கு அது சரி. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து 100 மைக்ரான் துளி (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தரைக்கு வர 5 விநாடி போதும். 5 மைக்ரான் துகளுக்கு அரை மணி நேரம் ஆகும். 1 மைக்ரான் என்றால் 12 மணி நேரத்துக்கு மேல், அதுவும் காற்று அசையாமல் இருந்தால். பேசினாலே இந்தச் சின்னத் துகள்கள் வரும், பாடினால் இன்னும் அதிகம். ஏரோசால் என்பது இவைதான். ஊதுபத்திப் புகை போல அறை முழுக்கப் பரவி நிற்கும்.

1930களில் அமெரிக்காவில் வில்லியம் வெல்ஸ் என்பவர் விழும் துளிக்கும் மிதக்கும் துகளுக்கும் இடையிலான கோட்டை 100 மைக்ரான் பக்கத்தில்தான் போட்டிருந்தார். காசநோய்க் கிருமி நுரையீரலின் ஆழத்துக்குப் போக 5 மைக்ரானுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது வேறொரு கணக்கு. மருத்துவப் பாடங்களில் இரண்டும் கலந்துபோய், ‘5 மைக்ரானுக்கு மேல் எல்லாம் விழுந்துவிடும்’ என்று நிலைத்துவிட்டது. அந்தத் தெம்பில்தான் 2020 மார்ச் 28 அன்று உலக சுகாதார நிறுவனம் இது காற்றில் பரவாது என்று அறிவித்தது. ஜூலையில் 239 விஞ்ஞானிகள் அதை மறுத்துக் கடிதம் எழுதினார்கள். நிறுவனம் தெளிவாக ஒப்புக்கொள்வதற்குள் 2021 வந்துவிட்டது.

ஆதாரம் அதற்கு முன்பே கண்ணெதிரே இருந்தது. 2020 ஜனவரி 24, சீனாவின் குவாங்சோவில் ஒரு உணவகம். ஜன்னல் இல்லாத அறை, எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடவில்லை, ஏசி மட்டும் அதே காற்றைச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சுழற்சிக்குள் அடுத்தடுத்து இருந்த மூன்று மேசைகளில் 10 பேருக்குத் தொற்று. சுழற்சிக்கு வெளியே உட்கார்ந்தவர்கள் தப்பித்தார்கள். மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. 61 பேரில் 53 பேருக்கு நோய், இரண்டு பேர் இறந்தார்கள்.

நம் வீட்டு ஸ்ப்ளிட் ஏசியும் அந்த உணவகத்து ஏசியின் இனம்தான். சுவரைத் துளைத்து வெளியே போகும் செம்புக் குழாயில் ஓடுவது குளிரூட்டும் வாயு. அறைக் காற்று அறையிலேயே சுற்றுகிறது. உள்ளே இருக்கும் வலை தூசியையும் முடியையும் பிடிக்கும், ஏரோசாலை விட்டுவிடும். சீலிங் ஃபேனும் காற்றைக் கலக்குமே தவிர மாற்றாது.

10க்கு 12 அடி அறை, 10 அடி உயரம்: சுமார் 34 கன மீட்டர். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்கு ஏறக்குறைய 18 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடுகிறார். நான்கு பேர் என்றால் 72 லிட்டர். காற்றுக் கசிவே இல்லாத அறையில் வெளிக்காற்றின் 420 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு) ஒரே மணி நேரத்தில் 2500ஐத் தொடும். விடும் மூச்சில் இந்த வாயு சுமார் 40,000 பி.பி.எம். இருக்கும். ஆக, 2000 பி.பி.எம். உள்ள அறையில் நாம் இழுக்கும் ஒவ்வொரு 25 மூச்சிலும் ஒன்று ஏற்கெனவே யாரோ ஒருவர் நுரையீரலுக்குள் போய்வந்தது.

இதை அளக்கும் கருவி இணையத்தில் கிடைக்கிறது, போலிகளும் அதே அளவு கிடைக்கின்றன. அகச்சிவப்பு ஒளியால் அளப்பதை மட்டும் நம்பலாம். விலை குறைந்தவை பல, வேறு வாயுக்களை முகர்ந்துவிட்டு ஒரு எண்ணை ஊகித்துக் காட்டும். சானிடைசர் நனைத்த பஞ்சைப் பக்கத்தில் வைத்தால் எண் எகிறும், குட்டு வெளிப்பட்டுவிடும். நல்ல கருவி மொட்டை மாடியில் 400-450 காட்ட வேண்டும். அறைக்குள் முகத்திலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் உங்கள் மூச்சையே அளக்கும். இன்னொன்று, நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி ஓடும் அறையில் இந்த எண்ணை வைத்து ஏமாறக்கூடாது. வடிகட்டி துகளைப் பிடித்துவிடும், வாயு அப்படியே இருக்கும்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023இல் சொன்ன இலக்கு, மணிக்கு 5 தடவை காற்று மாற்றம். நம் 34 கன மீட்டர் அறைக்கு அது மணிக்கு 170 கன மீட்டர். எக்ஸாஸ்ட் ஃபேன் பெட்டியில் சி.எம்.எச். என்று போட்டிருக்கும் எண் இதுதான். அதைவிடக் கூடுதலாகப் பார்த்து வாங்க வேண்டும், ஏனென்றால் அறை இறுக்கமாக இருந்தால் ஃபேன் சுற்றுமே தவிர இழுக்காது. எதிர்ச்சுவர்க் கதவடியில் ஒரு இன்ச் இடைவெளியாவது தேவை. திறந்த ஜன்னலுக்குப் பக்கத்திலேயே ஃபேன் வைப்பது பெரிய தவறு. வந்த காற்று அதே வழியில் போய்விடும், அறையின் மறுமூலை அப்படியே கிடக்கும்.

இலவசம் இல்லைதான். சென்னைப் புழுக்கத்தில் மணிக்கு 170 கன மீட்டர் வெளிக்காற்றைக் குளிர்விக்க ஏசிக்கு ஏறக்குறைய அரை டன் கூடுதல் சுமை. கரண்ட் பில்லுக்குப் பயந்தால், ஆள் கூடும் நேரத்தில் மட்டுமாவது ஓடவிடலாம்.

பழைய கட்டடங்கள் இதைச் செலவில்லாமல் செய்தன. பெரு நாட்டின் லிமாவில் மருத்துவமனைகளை அளந்து 2007இல் வெளியான ஆய்வில், உயரமான கூரையும் பெரிய ஜன்னலும் கொண்ட 1950க்கு முந்தைய வார்டுகளில் ஜன்னலைத் திறந்தால் மணிக்கு 40 தடவை காற்று மாறியது. புதிய வார்டுகளில் 17தான். நம்மூரிலும் கூரையை ஒட்டிச் சுவரில் ஒரு துளை விட்டுக் கட்டினார்கள். சூடான காற்று மேலேறி அதன் வழியே வெளியேறும். அதற்கு வீடுகளில் ‘வென்டிலேட்டர்’ என்றே பெயர். 2020க்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டால் ஐ.சி.யூ. மட்டுமே நினைவுக்கு வருகிறது. துளையையோ, ஏசி மாட்ட வரும் ஆள் முதல் வேலையாக தெர்மோகோல் வைத்து அடைத்துவிடுகிறார்.

உங்கள் அறையில் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கக் கருவியே வேண்டாம். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, சீலிங் ஃபேனை நிறுத்தி, கதவடி இடைவெளியில் ஒரு ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை அறைக்குள் இழுபட்டால் சரி. நேராக மேலே எழும்பினால் காற்று வரும் வழி எங்கோ அடைபட்டிருக்கிறது, அல்லது ஃபேனுக்குப் பக்கத்து ஜன்னல் குறுக்கே புகுந்துவிட்டது. ஜன்னலைச் சாத்திவிட்டு இன்னொரு தடவை பிடித்துப் பாருங்கள்.