வீவக வீட்டிலிருந்து டி.எம்.ஆர்.: குரல் எங்கே உடைகிறது?

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் பெரிய ஆன்டெனா கட்ட இடம் இருக்காது. ஆனாலும் ஒரு கையடக்க டி.எம்.ஆர். (டிஜிட்டல் வானொலி) செட்டும், அதை இணையத்தோடு இணைக்கும் தீப்பெட்டி அளவு ஹாட்ஸ்பாட்டும் இருந்தால், ஈசூனிலிருந்து சென்னை ஹாமோடு (அமெச்சூர் வானொலியாளரோடு) தமிழில் பேசலாம். குரல் வானலையில் போவது சில மீட்டர்தான். மீதியை இணையம் சுமக்கிறது. கோளாறு பெரும்பாலும் வருவது அந்தச் சில மீட்டரில்.

பேசுவதற்கான பி.டி.டி. பொத்தானை அழுத்தியதும் செட்டுக்குள் இருக்கும் கோடெக் (குரலைப் பிட்டுகளாக்கும் பகுதி), 20 மில்லிவினாடிக் குரலை 49 பிட்டாகச் சுருக்கும். பிழை திருத்த 23 பிட் சேர்த்து 72. இப்படி மூன்று துண்டுகள், 60 மில்லிவினாடிக்கு ஒருமுறை, 30 மில்லிவினாடி இடத்துக்குள் (ஸ்லாட்) அடைபட்டுப் போகும். ஹாட்ஸ்பாட் அதைக் குரலாக மாற்றுவதே இல்லை. வந்த பிட்டுகளை அப்படியே, டி.எம்.ஆர். ஹாம்களை இணையத்தில் இணைக்கும் பிராண்ட்மைஸ்டர் வலையமைப்பின் சர்வருக்கு அனுப்பும். சர்வர் அதே டாக்குரூப்பில் (பேச்சுக் குழுவில்) இருக்கும் எல்லாருக்கும் பிரித்துக் கொடுக்கும். ஆகவே உங்கள் வீட்டில் கெட்ட பிட், கேட்கும் எல்லார் காதிலும் கெட்டே விழும்.

ஹாட்ஸ்பாட்டுக்குத் தேவையானவை: ராஸ்பெரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற சிறு கணினி, அதன்மேல் பொருத்தும் எம்.எம்.டி.வி.எம். வானொலிப் பலகை, பை-ஸ்டார் மென்பொருள் ஏற்றிய 16 ஜிபி கார்டு, 5 வோல்ட் 2.5 ஆம்பியர் அடாப்டர். தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் உரிமம் கையில் இருக்கவேண்டும். அலைவரிசையும் சக்தியும் அதில் உள்ளபடியே. பிறகு ஏழு இலக்க டி.எம்.ஆர். எண் வாங்குங்கள். கைப்பேசி நாட்டுக் குறியீட்டைப் பின்பற்றுவதால் சிங்கப்பூர் எண் 525 என்று தொடங்கும். மலேசியா 502, இந்தியா 404. பிராண்ட்மைஸ்டர் கணக்கில் வைத்த ஹாட்ஸ்பாட் கடவுச்சொல்லைப் பை-ஸ்டாரிலும் எழுத மறந்தால் இணைப்பே கிடைக்காது. செட்டில் கலர் கோடு (ஹாட்ஸ்பாட்டோடு ஒத்துப்போகவேண்டிய எண்) 1, ஸ்லாட் 2 என்று வையுங்கள்.

முதலில் 9990க்குத் தனி அழைப்பு போடுங்கள். பேசியதை அது திருப்பிச் சொல்லும். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கரகரத்தால், பை-ஸ்டார் திரையில் பி.இ.ஆர். (பிட் பிழை விகிதம்) எண்ணைப் பாருங்கள். 1 சதவீதத்துக்குள் இருந்தால் நன்று. கூடினால் முதல் சந்தேகம் அலைவரிசை விலகல்தான். டி.எம்.ஆர். பிட்டுகளைக் குறிக்கும் நான்கு நிலைகளை மைய அலைவரிசையிலிருந்து 648, 1944 ஹெர்ட்ஸ் இருபுறமும் தள்ளி வைக்கிறது. 648 ஹெர்ட்ஸ் விலகினாலே ஒரு நிலை பக்கத்து நிலையின் எல்லையைத் தொட்டுவிடும். 433 மெகாஹெர்ட்ஸில் அது வெறும் ஒன்றரை பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒன்றரைப் பங்கு). மலிவான பலகையில் அலைவரிசையை நிர்ணயிக்கும் கிறிஸ்டல், சூட்டில் அவ்வளவு நகரக்கூடும். காற்றோட்டமில்லாத பெட்டியில் இன்னும் மோசம். பலகை அரைமணி நேரம் சூடான பிறகு, பை-ஸ்டாரில் ஆர்எக்ஸ்ஆஃப்செட்டை (வாங்கும் அலைவரிசையின் திருத்தம்) 50 ஹெர்ட்ஸ் படியாக மாற்றி, பி.இ.ஆர். மிகக் குறையும் இடத்தில் நிறுத்துங்கள். செட்டில் கேட்கும் ஒலி உடைந்தால் டிஎக்ஸ்ஆஃப்செட்டையும் (அனுப்பும் அலைவரிசையின் திருத்தம்) இப்படியே, ஒலி தெளியும்வரை மாற்றுங்கள்.

இரண்டாவது சந்தேகம், செட்டை மேசையில் ஹாட்ஸ்பாட்டுக்குப் பக்கத்திலேயே வைத்து 5 வாட்டில் அழுத்துவது. ஹாட்ஸ்பாட்டின் ரிசீவர் திணறி, எந்த ஆஃப்செட்டுக்கும் பி.இ.ஆர். இறங்காது. குறைந்த சக்திக்கு மாற்றி, மூன்று மீட்டர் தள்ளி நில்லுங்கள்.

அழுத்தியவுடன் பேசாதீர்கள். அரை வினாடி பொறுக்காவிட்டால் சிங்கப்பூர் அழைப்புக்குறியின் தொடக்கமான '9வி1' விழுங்கப்பட்டுவிடும். ஒருவர் முடித்தபின் இரண்டு வினாடி விட்டே அடுத்தவர் அழுத்தவேண்டும். அந்த இடைவெளியில்தான் புதியவர் உள்ளே நுழைய முடியும்.