அதே பணம், வாடிய முகம்

கப்பலூர் சிட்கோ பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் வாசகர் ஒருவர், தீபாவளி கழிந்த மறு வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். பட்டறையில் பதினெட்டுப் பேர். போன வருஷம் வழக்கமான போனஸுக்கு மேல், யாரிடமும் சொல்லாமல் ஆளுக்கு 5,000 ரூபாய் கூடுதலாகக் கவரில் வைத்தாராம். ஒரு வாரம் பட்டறையே கலகலவென்று இருந்திருக்கிறது. இந்த வருஷமும் அதே 5,000. கவரைப் பிரித்து எண்ணிப் பார்த்துவிட்டு, "அவ்வளவுதானாண்ணே?" என்று ஒருவர் கேட்டேவிட்டார். போதாக்குறைக்கு, வருஷாவருஷம் கொடுக்கும் ஸ்வீட் பாக்ஸை இந்த முறை ஆர்டர் பண்ண மறந்துவிட்டார். இன்றுவரை பட்டறையில் பேச்சு அந்த முந்நூறு ரூபாய் பாக்ஸைப் பற்றித்தான். "இவங்களை எப்படி சார் உற்சாகமா வச்சுக்கிறது?"

நன்றி கெட்டவர்கள் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் மூளை சரியாக வேலை செய்கிறது, அவ்வளவுதான்.

மூளை நரம்பணுக்களால் ஆனது, அவை மின் துடிப்புகளாலும் வேதிப்பொருள்களாலும் பேசிக்கொள்கின்றன என்பது பத்தாம் வகுப்புப் பாடம். அந்த வேதிப்பொருள்களில் ஒன்று டோபமைன். மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்க, டோபமைனைச் சுரப்பவை சில லட்சம்தான். பெரும்பாலும் நடுமூளையில், ஒரு கறுப்புத் திட்டிலும் அதை ஒட்டிய பகுதியிலும் குவிந்திருக்கின்றன. அந்தத் திட்டில் உள்ளவை அழிவதால்தான் பார்க்கின்சன் நோய் வருகிறது. டோபமைனை 'மகிழ்ச்சி ஹார்மோன்' என்று யூடியூபில் விற்கிறார்கள். அது தப்பு. அந்த அணுக்கள் செய்வது கணக்குப்பிள்ளை வேலை.

இதைக் கண்டுபிடித்த கதையை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. ஸ்விட்சர்லாந்தின் ஃப்ரிபோர்க் பல்கலைக்கழகத்தில் வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்பவர் குரங்குகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். குரங்கின் வாயருகே ஒரு குழாய். அதிலிருந்து அவ்வப்போது ஒரு சொட்டுப் பழச்சாறு. நடுமூளையில் ஒரே ஒரு டோபமைன் அணுவின் துடிப்பைக் கேட்கும் மெல்லிய மின்கம்பி. சும்மா இருக்கும்போது அந்த அணு நொடிக்கு நாலைந்து முறை டிக்... டிக்... என்று சோம்பலாகத் துடிக்கும். திடீரென்று சாறு சொட்டினால், படபடவென்று ஒரு வெடிப்பு. சரி, சாறு பிடித்திருக்கிறது, அதனால் துடிக்கிறது என்றுதான் யாரும் நினைப்போம்.

அடுத்ததாக, ஒவ்வொரு சொட்டுக்கும் சற்று முன்னால் ஒரு விளக்கை எரியவிட்டார்கள். சில நாளில் குரங்குக்குப் புரிந்துவிட்டது: விளக்கு எரிந்தால் சாறு வரும். இப்போது அணு எப்போது வெடிக்கிறது? விளக்கு எரியும்போது. சாறு வரும்போது சத்தமே இல்லை, பழைய டிக்... டிக்... மட்டும். அதே சாறு, அதே இனிப்பு, குரங்கும் ஆசையாகத்தான் குடிக்கிறது. ஆனால் அணுவுக்கு அது செய்தியே இல்லை.

எனக்குப் பிடித்த கட்டம் இனிமேல்தான். விளக்கை எரியவிட்டு, சாற்றைக் கொடுக்காமல் விட்டால்? சாறு வந்திருக்க வேண்டிய அந்தக் கணத்தில் அணு வாயடைத்துப் போகிறது. வழக்கமான டிக் டிக்கும் நின்றுவிடுகிறது. வெளியே எதுவுமே நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். விளக்கில்லை, மணியில்லை, யாரும் அடிக்கவில்லை. நடக்காத ஒன்றுக்கு, அது நடக்க வேண்டிய நேரத்தில், ஒரு நரம்பணு மௌனமாகிறது. உள்ளே ஒரு கடிகாரமும் ஒரு கணக்கும் ஓடிக்கொண்டிருந்தால்தானே அது முடியும்? அந்தக் கணக்கு ரொம்ப எளியது: வந்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழி. மிச்சம் கூட்டல் என்றால் வெடிப்பு, பூஜ்யம் என்றால் சும்மா, கழித்தல் என்றால் மௌனம். ஷூல்ட்ஸும் பீட்டர் டயன், ரீட் மான்டேக் ஆகிய கணித மூளைக்காரர்களும் சேர்ந்து 1997-ல் இதை விளக்கினார்கள். கணினி தானாகக் கற்றுக்கொள்ள உருவான ஒரு சூத்திரமும் இந்த அணுவின் துடிப்பும் கச்சிதமாகப் பொருந்தின. ஷூல்ட்ஸ், டயன், இன்னொரு மூளை ஆராய்ச்சியாளரான ரே டோலன் மூவருக்கும் 2017-ல் மூளை ஆராய்ச்சிக்கான 'பிரைன் பிரைஸ்' விருது கிடைத்தது.

இப்போது பட்டறைக்கு வருவோம். போன வருஷத்து 5,000 யாரும் எதிர்பாராத சொட்டு. இந்த வருஷம் தீபாவளி என்ற விளக்கு ஐப்பசி பிறந்ததுமே எரிந்துவிட்டது. பணம் கைக்கு வந்தபோது கழித்தால் பூஜ்யம். வராத ஸ்வீட் பாக்ஸோ கழித்தல் கணக்கு. 1965-ஆம் வருஷத்து போனஸ் சட்டம் குறைந்தபட்சமாக வைத்த 8.33 சதவீதம், அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு, சம்பளத்தின் பாகமாகிவிட்டது. அதைத் தொழிலாளி தன் உரிமையாகத்தான் பார்ப்பார். அதைக் கொடுத்துவிட்டு உற்சாகத்தையும் எதிர்பார்ப்பதுதான் தப்பு.

அப்படியானால் வருஷாவருஷம் தொகையைக் கூட்டிக்கொண்டே போகலாமா? இதற்குப் பதில் நம்ம ஊரிலேயே கிடைத்திருக்கிறது. டான் ஏரியலி, யூரி நீசி, ஜார்ஜ் லோவன்ஸ்டீன், நினா மசார் ஆகிய நால்வர் மதுரைப் பக்கம் 87 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். வட்டத்தின் கால்பகுதி வடிவத் துண்டுகளைச் சட்டத்துக்குள் அடுக்குவது, வாசிக்கும் எண்களில் கடைசி மூன்றைச் சொல்வது, குண்டைக் குழியில் விழாமல் நகர்த்துவது என்று ஆறு விளையாட்டு. நன்றாக ஆடினால் ஓர் ஆட்டத்துக்கு ஒரு குழுவுக்கு 4 ரூபாய், இன்னொரு குழுவுக்கு 40, மூன்றாவது குழுவுக்கு 400. ஆறிலும் ஜெயித்தால் 2,400. அன்றைக்குக் கிராமத்தில் ஒருவரின் ஏறக்குறைய அரை வருஷச் செலவு அது. 4 ரூபாய்க்காரர்களுக்கும் 40 ரூபாய்க்காரர்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை. 400 ரூபாய்க்காரர்கள்தான் எல்லோரையும்விட மோசமாக ஆடினார்கள். பழகிய கை தன்போக்கில் செய்யும் வேலையை, பெரிய பணம் கண்முன் நின்றால் மனசு குறுக்கே புகுந்து மேற்பார்வை பார்க்க ஆரம்பித்துவிடுகிறது. பரீட்சை ஹாலில் நம் எல்லோருக்கும் நடந்ததுதான்.

இந்த ஆய்வுக்கு மதுரையைத் தேர்ந்தெடுத்த காரணம் எளிது: ஆராய்ச்சி நிதிக்குள் அடங்கும் தொகை இங்கே பெரிய பணமாக இருக்கும். 2005-ல் அமெரிக்காவின் போஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கி இதை ஆய்வறிக்கையாக வெளியிட்டது. எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. 87 பேர் சின்ன எண்ணிக்கை. இதையே ஒரு சுங்குடிச் சாயப்பட்டறையிலோ பூ மார்க்கெட்டிலோ திரும்பச் செய்து பார்க்க நம் ஊர்க் கல்லூரிகளுக்குச் சில லட்சம் ஒதுக்கினால் போதும். ஆள் இருக்கிறது, ஊர் இருக்கிறது, ஒதுக்கத்தான் மனசில்லை. நம்ம வாசகரோ வாஸ்து பார்த்து மேஜையை வடக்கே திருப்ப 12,000 ரூபாய் செலவழித்திருக்கிறார். மேஜை திரும்பிவிட்டது. பட்டறை திரும்பவில்லை.

ஒரு சனிக்கிழமை நேரில் போய்ப் பார்த்தேன். கூலண்ட் வாடையும் சுருள் சுருளான இரும்புச் சீவலுமாக இருந்தது. ஓர் இளைஞர் 25 மில்லிமீட்டர் விட்டத்துக்கு ஷாஃப்ட் தண்டு கடைந்துகொண்டிருந்தார். 0.02 மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் ரிஜெக்ட். கடைந்ததை ட்ரேயில் போட்டார், அடுத்ததை மாட்டினார். அளப்பதெல்லாம் உள்ளே ஏசி அறையில், தரம் பார்க்கும் க்யூசி பையனின் வேலை. எத்தனை தேறியது என்று இவருக்குத் தெரிவது மாதக் கடைசியில், திட்டு வாங்கும்போது.

கோளாறு இங்கேதான் என்று எனக்குப் பட்டது. டோபமைன் அணுவின் கணக்கு நொடிகளில் நடக்கிறது. செய்ததும் விளைவும் அருகருகே இருந்தால்தான் எதனால் எது வந்தது என்று அது இணைக்க முடியும். ஐப்பசியில் வரும் கவர், சித்திரையில் கடைந்த எந்த ஷாஃப்ட்டுக்கு என்று அதற்கு எப்படித் தெரியும்? தடிமனைத் துல்லியமாக அளக்கும் மைக்ரோமீட்டரை மெஷின் பக்கத்திலேயே வையுங்கள், அளப்பதை அவர்களிடமே விடுங்கள், க்யூசி பையன் பத்தில் ஒன்றைச் சரிபார்க்கட்டும் என்றேன். சம்பளத்துக்குப் பதிலாக அல்ல, சம்பளத்தோடு.

உடனே முதலாளி ஒரு மைக்ரோமீட்டரை எடுத்து வரச் சொன்னார். அந்த இளைஞர் ஷாஃப்டைத் துடைத்துத் தாடைகளுக்கு நடுவே பிடித்து, பின் திருகைச் சுற்றினார். கட், கட், கட். கண்ணைச் சுருக்கிப் படித்தார். 25.01. உதட்டோரம் லேசாக அசைந்தது. அடுத்ததை, யாரும் சொல்லாமலே, அவராக எடுத்து அளந்தார். 24.99. அதற்கடுத்தது 25.03. "ச்சே" என்று டூலை ஒரு நூலிழை நகர்த்தினார்.

வாசல்வரை வந்த முதலாளி, "அப்ப ஸ்வீட் பாக்ஸ் சார்?" என்றார். லேட்டானாலும் பரவாயில்லை, அதைத் திங்கட்கிழமையே வாங்கிக் கொடுத்துவிடுங்கள் என்றேன். அந்தப் பாக்கியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.